பிபி ஒரே அளவு குறைகிறது, ரத்த ஓட்டம்? எஸ்.எச்.ஆர். எலிகளில் ஹைட்ரலாசின், காப்டோப்ரில், அம்லோடிபின்

மருந்தாய்வு_மதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 14 வார ஆண் எஸ்.எச்.ஆர். எலிகள் (தானாகவே உயர் ரத்த அழுத்தம் வரும் வம்சம்), எடை 280–320 கிராம். வெஹிக்கிள் (மருந்தில்லாத வெறும் கரைசல்), அழுத்தத்தைக் குறைக்கும் ஹைட்ரலாசின், காப்டோப்ரில், அம்லோடிபின் என நான்கு குழு. மூன்று மருந்திலும் டெயில்-கஃப் (வாலில் பட்டை கட்டி அளக்கும்) சிஸ்டாலிக் அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவுக்கு இறங்கும்படி டோஸைச் சரிசெய்து, நான்கு வாரம் குடிநீரில் கொடுக்கிறோம். கடைசி நாளில் மயக்கம் கொடுத்து, கழுத்திலுள்ள கரோட்டிட் தமனியில் கேனுலா (மெல்லிய குழாய்) போட்டு நேரடி அழுத்தம் பதிகிறோம்.

சிக்கல் இந்தக் கடைசி நாளில்தான். விழித்திருக்கும்போது ஹைட்ரலாசின் எலிகளின் நாடித்துடிப்பு மற்றக் குழுக்களைவிட நன்றாகவே அதிகம். மயக்கத்தில் அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. காப்டோப்ரில் குழுவில் இதற்கு நேர்மாறு: டெயில்-கஃப்பில் மற்றதோடு ஒட்டியே இருந்த அழுத்தம் மயக்கத்தில் அதலபாதாளத்துக்குப் போகிறது. டோஸ் ஒன்றே, எலியும் ஒன்றே.

இன்னொன்று: "அழுத்தம் குறைந்ததைக் காட்டிவிட்டீர்கள், ரத்த ஓட்டத்துக்கு என்ன ஆனது?" என்று கேட்டால் கையில் பதில் இல்லை. சிறுநீரகம், மூளை, தசை, குடல் நான்கிலும் ஓட்டத்தை அளக்க வேண்டும். மைக்ரோஸ்பியரா (ரத்தத்தில் செலுத்தி, உறுப்புகளில் சிக்கியதை எண்ணும் நுண்கோளங்கள்), ஃப்ளோ புரோபா (நாளத்தில் வைக்கும் ஓட்டமானி)? முடிவை ரெசிஸ்டன்ஸாகச் (அழுத்தம் ÷ ஓட்டம்) சொல்வதா, கண்டக்டன்ஸாகச் (ஓட்டம் ÷ அழுத்தம்) சொல்வதா? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

நாளம் எழுதியது:

மதி, உங்கள் எலிகளில் தப்பில்லை. மயக்க மருந்தையும் உங்கள் மருந்தையும் சேர்த்து அளக்கிறீர்கள், அதுதான் விஷயம்.

ஹைட்ரலாசின் சிறுதமனிகளை நேரடியாகத் தளர்த்துகிறது, சிரைகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. அழுத்தம் இறங்கியதும் கரோட்டிட் சைனஸிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள பேரோரிசெப்டார்கள் (அழுத்த உணரிகள்) உடம்பை உசுப்பும் சிம்பதெடிக் நரம்புகளை முடுக்கிவிடும். நாடி ஏறும், சிரைகள் இறுகி ரத்தத்தை இதயத்துக்குத் தள்ளும், இதய வெளியேற்றம் கூடும், சிறுநீரகம் சுரக்கும் ரெனினும் ஏறும். நாடி ஏறியது மருந்தின் நேரடி வேலை இல்லை, உடம்பின் எதிர்வினை. பென்டோபார்பிட்டால், ஐசோஃப்ளூரேன் ஆகிய மயக்க மருந்துகள் இரண்டுமே இந்த ரிஃப்ளெக்ஸை மழுக்கிவிடும். அதனால்தான் மயக்கத்தில் நாடி ஏறவில்லை.

காப்டோப்ரில் கதை வேறு. மயக்கம், கழுத்தைத் திறப்பது, கொஞ்சம் ரத்த இழப்பு எல்லாம் சேர்ந்து ரெனினை ஏற்றும். அந்த நிலையில் எலியின் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதில், ரெனின் வழியே உருவாகி நாளங்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின்-2க்குப் பெரும்பங்கு உண்டு. அது உருவாவதைத்தான் காப்டோப்ரில் தடுக்கிறது. தாங்கியிருந்த தூணை உருவினால் கூரை இறங்கத்தான் செய்யும். இதை வைத்து "காப்டோப்ரில்தான் வலிமையான மருந்து" என்று எழுதினால் தவறு.

மயக்க மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு எச்சரிக்கை. கெட்டமின்–சைலசின் வேண்டவே வேண்டாம். சைலசின் ஆல்ஃபா-2 அகோனிஸ்ட் (சிம்பதெடிக்கை அடக்கும் வகை), அழுத்த மருந்தான குளோனிடினின் உறவுக்காரன். தானே அழுத்தத்தோடும் நாடியோடும் விளையாடும். ஐசோஃப்ளூரேன் நாளங்களைத் தளர்த்தும், செறிவு கூடக் கூட அழுத்தம் இறங்கும். எல்லாக் குழுவுக்கும் ஒரே சதவீதம், ஒரே நேர அளவு இருந்தால் ஒப்பிடலாம். யூரிதேன் கிலோவுக்கு 1.2–1.5 கிராம் கொடுத்தால் ரிஃப்ளெக்ஸ் ஓரளவு மிஞ்சும். ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள், கையுறை கட்டாயம், எலியை எழுப்பவே கூடாத டெர்மினல் சோதனைக்கு மட்டும்தான். வயிற்றறையில் ஒரேயடியாகப் போட்டால் அங்கே திரவம் கசிந்து ரத்தக் கொள்ளளவு குறையும், அதுவும் ரெனினை ஏற்றும். தயோபியூட்டாபார்பிட்டால் கிலோவுக்கு 100 மி.கி. நீண்ட நேரம் ஆடாமல் நிற்கும், சிறுநீரக வேலைக்குப் பலரும் நம்புவது அதைத்தான்.

உண்மையான விடை விழித்திருக்கும் எலியில்தான் கிடைக்கும். முந்தின நாள் மயக்கத்தில் தொடைத் தமனியிலும் சிரையிலும் கேனுலா வைத்து, தோலுக்கடியில் கொண்டுபோய்ப் பிடரியில் வெளியே எடுத்து, எலி தேறிய பிறகு 24–48 மணி நேரத்தில் அதன் கூண்டிலேயே பதியுங்கள். குழாயில் ஹெப்பாரின் சலைன், மில்லிக்கு 50 யூனிட். டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தைப் பதியும் உணரி) எலியின் இதய மட்டத்தில் இருக்கட்டும். 1 செ.மீ. ஏறினாலோ இறங்கினாலோ முக்கால் மி.மீ. பாதரசம் பிழை. 10 செ.மீ. கீழே தொங்கவிட்டால் 7 மி.மீ. சும்மா கூடிவிடும். அலை மொட்டையாக, மேடு தேய்ந்து தெரிந்தால் குழாயில் குமிழி இருக்கிறது அல்லது நுனியில் ரத்தக்கட்டி. அப்போது சிஸ்டாலிக் குறைந்தும் டயஸ்டாலிக் கூடியும் காட்டும், சராசரி மட்டும் ஏறக்குறைய சரியாக இருக்கும். நிறைய பேர் ஏமாறும் இடம் அது.

---

எலிவளை எழுதியது:

நாளம் சொன்னதோட டெயில்-கஃப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா டோஸை சரிசெஞ்சதே அதை வச்சுத்தான்.

டெயில்-கஃப்ல எலியை அடைக்கிறோம், வாலை சூடாக்குறோம். ரெண்டுமே சிம்பதெடிக்கை எழுப்புற வேலை. எஸ்.எச்.ஆர். இயல்பிலேயே இதுக்கெல்லாம் பயங்கரமா எகிறுற எலி. குறைஞ்சது 5–7 நாள் தினமும் அதே நேரத்துல, அதே ஆள், அதே ரெஸ்ட்ரெய்னர்னு பழக்கணும். வாலோட சூடு 32–35 டிகிரிக்குள்ள இருக்கணும். அதைத் தாண்டினா எலி துடிக்கும். ஒரு தடவைக்குப் பத்து அளவு எடுத்து முதல் சிலதைத் தூக்கிப் போடுங்க. முக்கியமா, டெயில்-கஃப்ல நம்பலாம்னா சிஸ்டாலிக்தான். டயஸ்டாலிக்னு மெஷின் காட்டுறதை வச்சு சராசரி அழுத்தம் போட்டு, அதை ஓட்டத்தால வகுத்து ரெசிஸ்டன்ஸ் எழுதாதீங்க.

மருந்துக் குழுவுல இன்னொரு பொறி இருக்கு. அழுத்தத்தைக் குறைக்குற மருந்து எலியோட பதற்றத்தையும் குறைச்சா, கூண்டுல 15 மி.மீ. மட்டும் இறக்குற மருந்து கஃப்ல 35 இறக்கின மாதிரி தெரியலாம். டெலிமெட்ரி (உடம்புக்குள்ள வச்ச கருவி அழுத்தத்தை வயர் இல்லாம அனுப்புறது) இருந்தா அதுதான் சிறந்தது. வயிற்றுப் பெருந்தமனியில, சிறுநீரகத் தமனிக்குக் கீழ கேதீட்டர், நுனி மேல் நோக்கி. 7–10 நாள் தேறவிட்டு, இரவும் பகலும் பதியணும். எலி ராத்திரி ஜீவன், அதோட அழுத்தமும் நாடியும் ராத்திரிதான் உச்சம். காலையில 11 மணிக்கு எடுக்குற டெயில்-கஃப் எலி தூங்குற நேரத்து அளவு. குடிநீர்ல மருந்து குடுக்குறதா இருந்தா தண்ணியும் ராத்திரிதான் அதிகம் குடிக்கும். அப்போ பகல்ல நீங்க அளக்கும்போது காப்டோப்ரில் இறங்குமுகத்துல இருக்கலாம், அம்லோடிபின் சமமா நிக்கும். ரெண்டையும் ஒரே நேரத்துல அளந்து ஒப்பிடுறதுல அந்தக் கோணல் இருக்கு.

குடிநீர் மருந்துக் கணக்கையும் சரிபாருங்க. 300 கிராம் எலி ஒரு நாளைக்குச் சுமார் 30 மில்லி குடிக்கும். கிலோவுக்கு 50 மி.கி. காப்டோப்ரில்னா எலிக்கு 15 மி.கி., அதாவது மில்லிக்கு 0.5 மி.கி. ஆனா காப்டோப்ரில் எலிக்குத் தாகத்தைக் கூட்டலாம், குடிக்குற அளவு கூடினா டோஸும் கூடிப்போகும். பாட்டிலை தினமும் எடை போட்டு செறிவை மாத்துங்க. கரைசலைத் தினமும் புதுசா செய்யுங்க, தண்ணியில காப்டோப்ரில் ஆக்சிஜன் பட்டு டைசல்ஃபைடா மாறிடும். ஹைட்ரலாசினை சர்க்கரை கலந்த தண்ணியில போடாதீங்க. டெக்ஸ்ட்ரோஸோட அது வினைபுரியும், எலி குடிக்கட்டும்னு இனிப்பு சேர்த்தா மருந்தே வீணாப் போகும். உலோக மூக்கு நீளமா இருக்குற பாட்டில்ல நிறம் மாறுதான்னும் பாருங்க.

---

சிறுதமனி எழுதியது:

ஓட்டத்தை அளப்பதற்கு வருகிறேன். நான்கு உறுப்புகளையும் ஒரே எலியில் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமானால் மைக்ரோஸ்பியர்தான் வழி. 15 மைக்ரான் கோளங்கள், கதிரியக்கம் இல்லாத வண்ண வகையோ ஃப்ளூரசென்ட் வகையோ போதும். வலது கரோட்டிட் வழியே பி.ஈ.-50 என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை இடது கீழறை வரை தள்ளுங்கள். திரையில் டயஸ்டாலிக் பூஜ்யத்துக்கருகே விழும்போது உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அழுத்தம் விழாமல் குழாய் இடித்தால் வால்வு மேல் நிற்கிறது. முரட்டுத்தனமாகத் தள்ளினால் வால்வு கிழியும், அப்புறம் அந்த எலியின் எந்த எண்ணும் செல்லாது.

கோளங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். அதுதான் இந்த முறையின் தலைவலி. ஊசியில் ஏற்றுவதற்கு முன் சோனிக்கேட்டரில் சில நிமிடம், கடைசி நொடியில் வோர்டெக்ஸ். ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் ட்வீன்-80 மிகக் குறைவாக இருக்கட்டும். அது கூடினால் அதுவே அழுத்தத்தை இறக்கும், நீங்கள் மருந்தின் விளைவென்று எழுதுவீர்கள். கோளம் இல்லாத வெஹிக்கிளை ஓர் எலிக்கு முதலில் செலுத்திப் பாருங்கள்.

எத்தனை கோளம் என்பது கணக்கு. ஒரு திசுத் துண்டில் குறைந்தது 400 கோளம் விழுந்தால்தான் அளவு நம்பத்தகுந்தது. இதய வெளியேற்றம் நிமிடத்துக்கு 90 மில்லி, நீங்கள் செலுத்துவது 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வில் இருக்கும் தசைக்குக் கிராமுக்கு நிமிடம் 0.15 மில்லி போனால் 1 கிராம் தசையில் சுமார் 333 கோளம்தான் விழும். போதாது, 3 கிராமாவது எடுங்கள். சிறுநீரகத்துக்கு இந்தக் கவலையே இல்லை.

கோள எண்ணிக்கையை மில்லியாக மாற்ற, வேகம் தெரிந்த ஒப்பீட்டு ரத்தம் வேண்டும். அதை தொடைத் தமனியிலிருந்து நிமிடத்துக்கு 0.5 மில்லி வேகத்தில் பம்ப் வைத்து இழுங்கள். கோளம் செலுத்துவதற்கு 10 நொடி முன்பே தொடங்கி, செலுத்திய பின் 60 நொடியாவது தொடர வேண்டும். தாமதமாகத் தொடங்கினால் முதல் அலை தவறிப்போய் எல்லா உறுப்பின் ஓட்டமும் பொய்யாகக் கூடித் தெரியும். பிறகு: திசுவின் எண்ணிக்கையை 0.5 ஆல் பெருக்கி, ஒப்பீட்டு ரத்தத்தின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இடது சிறுநீரகம் 24,000, ஒப்பீட்டு ரத்தம் 3,000 என்றால் நிமிடத்துக்கு 4 மில்லி.

நான் முதலில் பார்ப்பது இரண்டு சிறுநீரகத்தின் கிராமுக்கான ஓட்டத்தை. இடதும் வலதும் 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் கோளம் ரத்தத்தோடு சரியாகக் கலக்கவில்லை, அந்த எலியை விலக்கிவிடுவேன். இந்த விதியைச் சோதனைக்கு முன்பே நெறிமுறையில் எழுதிவையுங்கள், முடிவைப் பார்த்துவிட்டு விலக்குவது நேர்மையாகாது. நுரையீரலையும் எடுத்து எண்ணுங்கள். அங்கே கோளம் மிகுந்தால் தோலிலோ வாலிலோ தமனி–சிரைக் குறுக்குவழிகள் திறந்திருக்கின்றன, பெரும்பாலும் சூட்டுமெத்தை அதிகம் சுடுகிறது.

300 கிராம் எலியின் மொத்த ரத்தமே 19 மில்லிக்கருகில். ஒரு தடவை ஒப்பீட்டு ரத்தம் எடுத்தால் 0.6 மில்லி, அதாவது 3 சதவீதம். மருந்துக்கு முன் ஒரு வண்ணம், பின் ஒரு வண்ணம் என்று இரண்டு தடவை போகலாம். மூன்றாவது தடவை எடுத்தால் ரத்த இழப்பின் விளைவைத்தான் அளப்பீர்கள்.

புரோப் வைத்தால் நொடிக்கு நொடி மாற்றம் கிடைக்கும், கோளம் தருவது ஒரே கணத்தின் படம். டிரான்சிட்-டைம் புரோப் உண்மையான மில்லி கணக்கைத் தரும். டாப்ளர் புரோப் வேகத்தை மட்டுமே தரும், அதில் சதவீத மாற்றத்துக்கு மேல் எதையும் சொல்லக் கூடாது. ஏறுபெருந்தமனியில் புரோப் வைத்தால் கரோனரி (இதயத் தசைக்கான) ஓட்டம் கணக்கில் வராது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

ரெசிஸ்டன்ஸா, கண்டக்டன்ஸா என்று கேட்டீர்கள். ஓர் எடுத்துக்காட்டு. சராசரி அழுத்தம் 170, சிறுநீரக ஓட்டம் 4. மருந்துக்குப் பின் அழுத்தம் 120, ஓட்டம் அதே 4. ரெசிஸ்டன்ஸ் 42.5இலிருந்து 30, அதாவது 29 சதவீதம் குறைவு. அதே தரவில் கண்டக்டன்ஸ் 0.0235இலிருந்து 0.0333, 42 சதவீதம் உயர்வு. ஒரே எலி, ஒரே நிமிடம். எதைக் கொடுத்தாலும் மூல அழுத்தத்தையும் மூல ஓட்டத்தையும் அட்டவணையில் பக்கத்திலேயே கொடுங்கள். அழுத்தம் நிலையாக நின்று ஓட்டம் மாறும் உறுப்புக்குக் கண்டக்டன்ஸ் நேர்க்கோட்டில் போகும், ஓட்டம் நின்று அழுத்தம் மாறினால் ரெசிஸ்டன்ஸ் நேர்க்கோட்டில் போகும். குழுக்களைப் பல உறுப்புகளில் ஒப்பிடும்போது நான் கண்டக்டன்ஸை எடுப்பேன்.

---

மருந்தாய்வு_மதி எழுதியது:

மிக்க நன்றி. 15 சதவீத விதியை இன்றே நெறிமுறையில் சேர்க்கிறேன். டெலிமெட்ரி இல்லை, விழித்திருக்கும் எலியில் கேனுலா வைத்துப் பார்க்கலாம்.

எந்த மருந்தில் எந்த உறுப்பில் என்ன எதிர்பார்க்கலாம்? எண்கள் வந்தபின் இது மருந்தா பிழையா என்று தெரிய ஒரு வரைபடம் மனதில் வேண்டும். இன்னொன்று, நான்கு வாரத்தில் நாளத்தின் சுவரே மாறியிருந்தால் அதை எப்படிப் பிரித்தறிவது?

---

நாளம் எழுதியது:

மொத்தக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். வெறும் விளக்கத்துக்காக: அழுத்தம் 170, வெளியேற்றம் 90 என்றால் மொத்தப் புறத்தடை 1.89. ஹைட்ரலாசினில் அழுத்தம் 120, வெளியேற்றம் 110 என்றானால் தடை 1.09, 42 சதவீத இறக்கம். காப்டோப்ரிலில் அழுத்தம் அதே 120, வெளியேற்றம் அதே 90, தடை 1.33, 29 சதவீத இறக்கம். அழுத்தத்தில் இரட்டைப் பிள்ளைகள், உள்ளே வேறு வேறு. பீட்டா தடுப்பானான ப்ராப்ரனலாலைச் சேர்த்தால் இன்னும் தெளிவு: எலியில் உடனடியாகக் கொடுத்தால் வெளியேற்றம் குறையும், தடை ஏறும், அழுத்தம் பெரும்பாலும் அசையாது. அழுத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு "மருந்து வேலை செய்யவில்லை".

காப்டோப்ரிலில் சிறுநீரகக் கண்டக்டன்ஸ் மற்ற உறுப்புகளைவிட அதிகம் ஏறுவதை எதிர்பாருங்கள். குளோமருலஸிலிருந்து (சிறுநீரகத்தின் வடிகட்டி முடிச்சு) வெளியேறும் சிறுதமனியை இறுக்கிப் பிடிப்பது ஆஞ்சியோடென்சின்-2. அந்தப் பிடி விடும்போது ஓட்டம் ஏறி குளோமருல அழுத்தம் இறங்கும். அம்லோடிபின் வகை உள்ளே வரும் சிறுதமனியைத் தளர்த்துகிறது. சிறுநீரக ஓட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தாலும் குளோமருல அழுத்தத்தின் கதை எதிரெதிர். ஓட்டத்தை மட்டும் அளந்தால் இது தெரியாது, இன்யுலின் கிளியரன்ஸும் (வடிகட்டல் வேகத்தின் அளவு) வேண்டும். தசைக்கும் இதயத்துக்கும் ஓட்டம் கூடுவது அம்லோடிபினின் இயல்பு.

மூளையில் ஜாக்கிரதை. எஸ்.எச்.ஆரின் மூளை ஆட்டோரெகுலேஷன் (அழுத்தம் மாறினாலும் ஓட்டத்தை நிலையாக வைத்திருப்பது) எல்லை வலப்பக்கம், அதாவது உயர் அழுத்தத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. இயல்பான அழுத்தமுள்ள ஒப்பீட்டு வம்சமான டபிள்யூ.கே.ஒய். எலி தாங்கும் அழுத்தத்தில் எஸ்.எச்.ஆருக்கு மூளை ஓட்டம் விழத் தொடங்கலாம். 1980களில் கோபன்ஹேகன் குழு காப்டோப்ரில் இந்தக் கீழ் எல்லையைக் குறைந்த அழுத்தத்துக்கு நகர்த்துவதைக் காட்டியது. ஹைட்ரலாசின் வகை மூளை நாளங்களையும் தளர்த்தி, மண்டையோட்டுக்குள் அழுத்தத்தை ஏற்றும். எனவே மயக்கத்தில் காப்டோப்ரில் எலியின் அழுத்தம் அதலபாதாளத்தில் இருக்கும்போது எடுத்த மூளை ஓட்டத்தை மருந்தின் இயல்பென்று எழுதிவிடாதீர்கள்.

---

எலிவளை எழுதியது:

நாளச் சுவர் கேள்விக்கு. கடைசி டோஸை நிறுத்தி அளவெடுங்க. காப்டோப்ரில் உடம்புல நிக்குறது கொஞ்ச நேரம்தான், நிறுத்தி ரெண்டு மூணு நாள் கழிச்சும் அழுத்தம் பழைய இடத்துக்குத் திரும்பலைன்னா வேற ஏதோ மாறியிருக்கு. 6 வாரத்துல ஆரம்பிச்சு 10 வாரம் வரைக்கும் மட்டும் காப்டோப்ரில் வகையைச் சேர்ந்த பெரிண்டோப்ரில் குடுத்து நிறுத்தின எஸ்.எச்.ஆர்.ல அழுத்தம் அப்புறமும் முழுசா ஏறலைன்னு 1990லயே வந்திருக்கு. உங்க எலி 14 வாரத்துல ஆரம்பிக்குது, அழுத்தம் ஏற்கெனவே நிலைச்ச வயசு. அவ்வளவு நீடிக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

சுவரை நேரடியா பார்க்கணும்னா மெசென்டரியில (குடலைத் தாங்குற சவ்வு) மூணாவது கிளை, 200–300 மைக்ரான் தமனி, ஒயர் மயோகிராஃப்ல (நாளத் துண்டைக் கம்பியில மாட்டி அளக்குற கருவி) ஏத்தி மீடியா–லூமென் விகிதம் (சுவரோட தசை அடுக்குக்கும் உள்துளைக்கும் உள்ள விகிதம்) பாருங்க. எடுக்கும்போது கொழுப்பை உரிக்கிற அவசரத்துல நாளத்தை இழுத்தீங்கன்னா உள்படலமான எண்டோதீலியம் போயிடும். அசிட்டைல்கோலினுக்குத் தளருதான்னு பார்த்துட்டுத்தான் மேல போகணும்.

இதயத்தையும் எடை போடுங்க, செலவே இல்லை. இடது கீழறை எடையை உடல் எடையால வகுத்தாப் போதும். 1974லயே எஸ்.எச்.ஆர்.ல தெரிஞ்ச விஷயம்: ஹைட்ரலாசின் அழுத்தத்தைக் குறைச்சாலும் தடிச்ச இதயம் மெலியலை, இன்னொரு அழுத்த மருந்தான மெத்தில்டோப்பாவுல மெலிஞ்சுது. அழுத்தம் மட்டும் காரணம்னா ரெண்டும் ஒரே மாதிரி இருந்திருக்கணும். சிம்பதெடிக்கும் ரெனினும் ஏறினதோட விலை அது. உங்க மூணு குழுவுலயும் இந்த ஒரு எண்ணே நிறைய பேசும்.

---

சிறுதமனி எழுதியது:

மாடல் பற்றி ஒரு குறிப்பு, விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. எஸ்.எச்.ஆர். 1963இல் கியோட்டோவில் ஒகாமோட்டோவும் அவோக்கியும் விஸ்டார் எலிகளிலிருந்து வளர்த்த வம்சம். ஒப்பீட்டுக்கு வைக்கும் டபிள்யூ.கே.ஒய். எலிகள் முழுதும் உட்கலப்பாகும் முன்பே பல இடங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டவை, எல்லாக் காலனியும் மரபணுவில் ஒன்றல்ல. எந்தக் காலனி என்று எழுதுங்கள்.

இதே சோதனையை ஒரு சிறுநீரகத் தமனியில் 0.2 மி.மீ. வெள்ளிக் கிளிப் போட்ட எலியில் செய்தால் காப்டோப்ரில் வரைபடமே மாறும். கிளிப் போட்ட சிறுநீரகம் வெளியேறும் சிறுதமனியின் இறுக்கத்தால்தான் வடிகட்டிக்கொண்டிருக்கும். காப்டோப்ரில் அதை விடுவித்ததும் அந்தப் பக்கம் வடிகட்டல் விழும், கிளிப் இல்லாத பக்கம் ஓட்டம் ஏறும். இரண்டையும் சேர்த்துக் கிரியாட்டினின் மட்டும் பார்த்தால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அங்கே இடது–வலது 15 சதவீத விதியும் செல்லாது, கலவையைச் சரிபார்க்க இரண்டு பக்கத் தொடைத் தசையையோ மூளையின் இரண்டு பாதியையோ ஒப்பிட வேண்டும். அதிலும் ஒரு பிடி உண்டு: ஒப்பீட்டு ரத்தம் இழுக்கும் காலின் தசை எண் குறைந்திருக்கும், கரோட்டிட்டைக் கட்டிய பக்கத்து மூளையும் அப்படியே. அதனால் ஒப்பீட்டு ரத்தத்தை வால் தமனியிலிருந்து இழுத்து, தொடைகளைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.